வெட்டுவதற்கு முன் ஒரு மே மாதம் பொறுங்கள்

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிறம்ரன் பக்கங்களில் சொந்தமாக ஒரு வீடும், அதன் முன்னால் ஒரு துண்டு நிலமும் வைத்திருக்கும் எங்கடை சனங்களுக்கு,

கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதத் தொடங்குகிறேன், குறை நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் இந்தச் சமரில் மட்டும் மூன்று கிறாப் அப்பிள் மரங்கள் விழுந்தன. மூன்றும் தமிழ் வீட்டு வாசல்களில் நின்றவை. விழுந்தன என்று எழுதுவதே பொய். காற்று விழுத்தவில்லை, பனி முறிக்கவில்லை. நீங்கள்தான் ஆள் பிடித்துக் காசு கொடுத்து வெட்டுவித்தீர்கள். மூன்றாவது மரத்தை அரிந்த அன்று நான் மருந்தெடுக்கப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தேன். மரம் அரைக்கிற மெஷினின் சத்தத்தில் நின்று பேச முடியவில்லை. பேசியிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. ஆகவே ஆறுதலாக இருந்து இதை எழுதுகிறேன்.

உங்களைக் கோபிக்க எனக்கு முழு உரிமையும் இல்லை. முதல் மரத்தை வெட்டியவள் நான்.

நாங்கள் இந்த வீட்டை வாங்கியது 2001 ஓகஸ்ற்றில். வாசலில் ஒரு பழைய கிறாப் அப்பிள் மரம் நின்றது. அதன் பெயர்கூட அப்போது எங்களுக்குத் தெரியாது. பாதி இலை கொட்டிப் போய், மிச்ச இலையெல்லாம் மஞ்சளாகி, ஒவ்வொன்றிலும் பாசி நிறத்தில் கபிலப் புள்ளிகள். கிரகப்பிரவேசத்துக்குச் சனம் வரப்போகிறது, வாசலில் பட்டமரம் நிற்கக் கூடாது என்று என் கணவர் சொன்னார். நானும் ஓம் என்றேன். லொறியோடு வந்த ஒருவன் மரத்தை அண்ணாந்துகூடப் பார்க்காமல், 'இது செத்த மரம்' என்று சொல்லிக் காசை வாங்கினான். இரண்டு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது.

செப்ரெம்பரில் ஒரு நாள் எதிர்வீட்டு இத்தாலியக் கிழவி ஒரு வெறும் பானையோடு வந்தார். எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் ஒவ்வொரு வருடமும் அவரைப் பழம் பொறுக்க விடுவார்களாம். அடிக்கட்டையைக் கண்டதும் பானையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். ஏசவில்லை. 'அது ஒவ்வொரு ஓகஸ்ற்றிலும் இப்படித்தான் இலையைக் கொட்டும். நீ மே மாதம் வரைக்கும் பொறுத்திருக்கலாம்' என்றார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே தரம் என்பதால் ஒரு சொல்லும் தவறாமல் விளங்கியது.

அந்த மரத்துக்கு வந்தது ஸ்கப் என்கிற நோய். வெஞ்சூரியா இனீக்குவாலிஸ் என்ற ஒரு பூஞ்சணம். நிலத்தில் விழுந்த பழைய இலையில் வின்ரர் முழுக்கப் படுத்துக் கிடக்கும். வசந்தத்தில் மழை பெய்ததும் அதன் வித்துகள் காற்றில் எழும்பிப் புது இலையில் ஒட்டும். இலை புள்ளி விழுந்து, மஞ்சளாகி, ஆடி ஆவணியிலேயே கொட்டிப் போகும். பார்க்கச் சாவு போலத்தான் இருக்கும். ஆனால் அடுத்த வருடம் மரம் திரும்பத் தளிர்த்து நிற்கும். வருடா வருடம் இலை இழந்தால் மரம் மெலியும் என்பது உண்மைதான். ஆனாலும் ஸ்கப் மட்டுமே ஒரு மரத்தைக் கொல்வது அரிது. விழுந்த இலையை ஒக்ரோபரில் ஒன்றும் விடாமல் கூட்டி அள்ளி, கொப்புகளுக்குள் வெயிலும் காற்றும் புகுகிற மாதிரி ஐதாக்கிவிட்டால் பாதி நோய் போய்விடும். இதை 2001இல் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இப்போது உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன், இனி நீங்கள் அந்தச் சாட்டுச் சொல்ல முடியாது.

வீடு பார்க்க ஓகஸ்ற்றில் போகிறோம், சாவி ஒக்ரோபரில் கிடைக்கிறது, நவம்பரில் மரம் எலும்பாக நிற்கிறது. அதை எலும்பாகக் கண்டவர்கள்தான் அதை வெட்டுகிறார்கள். ஒரு மே மாதமாவது அதோடு இருந்து பார்த்தவர்கள் வெட்டியதை நான் காணவில்லை.

நீங்கள் சொல்கிற காரணங்கள் எல்லாம் எனக்குப் பாடம். கல்யாண வீட்டில், கோயில் வீதியில், சாமான் கடை வரிசையில் என்று எல்லா இடத்திலும் கேட்டுவிட்டேன். 'ஆன்ரி, பழம் விழுந்து டிறைவ்வே எல்லாம் அழுக்கு.' 'உது காட்டு அப்பிள், நஞ்சாம், பிள்ளையள் வாயில வைச்சாலும்.' 'மூண்டு கார் நிக்க இடம் வேணும்.' 'தேனீ வருது.' ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் அந்த நஞ்சுக் கதை. அப்பிளுக்கும் கிறாப் அப்பிளுக்கும் இடையில் தோட்டக்காரர் வைத்திருக்கிற எல்லை அளவு ஒன்றுதான். பழத்தின் குறுக்களவு இரண்டு அங்குலம், அதாவது 5 சென்ரிமீற்றர், அல்லது அதற்குக் குறைவு என்றால் கிறாப் அப்பிள். அதற்கு மேலே போனால் அப்பிள். இரண்டும் ஒரே குடும்பம், ஒரே பேரினம். விதையைக் கடித்துச் சப்பக் கூடாது என்பது கடையில் வாங்குகிற அப்பிளுக்கும் பொருந்தும். சதை புளிக்கும், சில மரத்தில் கயர்க்கும். விளாங்காயும் நெல்லிக்காயும் தின்று வளர்ந்த சனத்துக்குப் புளிப்பைக் கண்டு என்ன பயம்?

நான் ஒவ்வொரு ஆவணியிலும் பழம் சிவக்கத் தொடங்கும்போது இரண்டு கிலோ பறிப்பேன். நான்காகப் பிளந்து விதைக்கூட்டை எடுத்துவிட்டு, உப்பில் பிரட்டி ஒரு இரவு வைப்பேன். மறுநாள் தண்ணியை வடித்து, கடுகை வினாகிரியில் அரைத்து, தூள், கொஞ்சம் சீனி, உள்ளி போட்டால் அச்சாறு. ஊரில் மாங்காயில் போட்டதுதான். ஆனால் இதன் தோல் பல்லில் நொறுக்கென்று உடைகிறபோது வருகிற சுவை மாங்காயில் இல்லை, பொய் சொல்லமாட்டேன். எதிர்வீட்டுக் கிழவி செய்தது ஜெலி. பழத்தை அவித்து, துணியில் கட்டி இரவு முழுக்கச் சொட்டவிட்டு, அந்தச் சாற்றில் சீனி போட்டுக் காய்ச்சுவது. கிறாப் அப்பிளில் பெக்ரின் நிறைய இருப்பதால் வேறொன்றும் போடாமலே இறுகும். துணியைப் பிழிந்தால் ஜெலி கலங்கிப் போகும் என்று என் கையில் ஒருநாள் அடித்தே சொன்னார்.

அடுத்தது பழம் விழுகிற கதை. விழுகிறது உண்மை, ஆனால் எல்லாக் கிறாப் அப்பிளும் ஒரே மாதிரி விழுவதில்லை. பழைய வீடுகளில் நிற்பவற்றில் பல பெரிய பழம் காய்க்கும், நோய்க்கு இளகிய பழைய சாதிகள். ஹோப்பா, றோயல்ரி போன்றவை ஒரு காலத்தில் வட அமெரிக்கா முழுக்க நடப்பட்டு, ஸ்கப் பிடித்துப் பேர் கெட்டவை. இப்போது கிடைக்கிற பிறெய்றிஃபயர் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதன் பழம் ஒரு கடலையளவுதான் இருக்கும், கருஞ்சிவப்பு. காம்பை விட்டு இலேசில் கழராது, ஸ்னோ கொட்டும்போதும் கொப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சார்ஜன்ற் என்ற குட்டைச் சாதியும் அப்படித்தான். இரண்டு இரண்டரை மீற்றருக்கு மேலே எழும்பாமல் அகலமாகப் படரும், யன்னலை மறைக்காது. பழமே வேண்டாம் என்றால் ஸ்பிறிங் ஸ்னோ என்று ஒன்று இருக்கிறது. வெள்ளை வெளேரென்று பூத்துவிட்டு அதோடு முடித்துக்கொள்ளும். ஆனால் அது ஸ்கப்புக்கு இளகியது, அதையும் சொல்லிவிடுகிறேன். அச்சாறுக்கும் ஜெலிக்கும் டொல்கோ நல்லது. ஆனால் அது பெரிய மரமாகும், பின்வளவுக்குத்தான் சரி.

அந்த ஒட்டிக்கொண்டு நிற்கிற பழத்தால் என்ன பயன் என்று கேட்பீர்கள். போன தை மாதம், மைனஸ் பதினெட்டுக் குளிரில் ஒரு காலை, நான் தேத்தண்ணியோடு யன்னலடியில் நின்றேன். எங்கிருந்தோ ஒரு கூட்டம் குருவிகள் வந்து மரத்தில் இறங்கின. சீடர் வக்ஸ்விங் என்று பிறகு பேத்தி பெயர் சொன்னாள். தேன் நிறம், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி, வால் நுனி மட்டும் மஞ்சளில் தோய்த்தெடுத்த மாதிரி. பழங்கள் உறைந்து இளகி உறைந்து மிருதுவாகி இருந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கி முழுதாக விழுங்கின. ஒரு மணித்தியாலத்துக்குள் மரத்தில் ஒரு பழமும் இல்லை, அவையும் இல்லை. தேத்தண்ணி ஆறிப்போனது. டிறைவ்வேயை அழுக்காக்கும் என்று நீங்கள் பயந்த பழம் அதுதான்.

கார் நிற்பாட்டும் கதைக்கு நான் நீட்டிப் பதில் சொல்லப் போவதில்லை. 2013 ஜூலை 8ஆம் திகதி மாலை எங்கள் பேஸ்மன்றில் முழங்கால் தண்ணீர் நின்றது. உங்களில் எத்தனையோ பேரின் பேஸ்மன்றிலும் நின்றிருக்கும். அன்று விமான நிலையத்தில் பதிவான மழை 126 மில்லிமீற்றர். வானம் கொட்டியதற்கு நாங்கள் பொறுப்பில்லை. ஆனால் கொட்டிய தண்ணீர் இறங்குவதற்கு மண்ணை விட்டுவைத்தோமா? தெருவில் வாசலுக்கு வாசல் தார், கொங்கிறீற், கல். மூன்றாவது காருக்காக நீங்கள் மூடுகிற அந்தத் துண்டு நிலம் பக்கத்து வீட்டு பேஸ்மன்றில் வாடகைக்கு இருக்கிற பொடியனுக்கும் தேவை.

இனி, என் மனதில் உண்மையாகக் கிடந்து உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் வீடுகளுக்குள் வந்திருக்கிறேன். யன்னலடியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று இருக்கும். செப்ரெம்பர் முடியுமுன் இரண்டு பேர் பிடித்து அதை உள்ளே தூக்கி வைப்பீர்கள். அதற்கென்று தனி லைற், தனி ஈரப்பதம் போடுகிற மெஷின். புளித்த மோர் ஊற்றுவீர்கள். ஒரு இலை வாடினால் ரெலிபோனில் நாலு பேரிடம் கேட்பீர்கள். மல்லிகைக்கும் அப்படி, முருங்கைக்கும் அப்படி. ஐந்து மாதம் உள்ளே கிடந்து நோயாளி மாதிரி வெளிறிப்போய் மே மாதம் வெளியே வரும் அந்தக் கன்றுகளை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டிலும் கறிவேப்பிலை நிற்கிறது, அதற்கும் மோர் ஊற்றுகிறேன். ஊரை அப்படியாவது ஒரு சாடிக்குள் வைத்திருக்கிறோம்.

ஆனால் வெளியே நின்ற மரம்? மைனஸ் முப்பதிலும் போர்வை கேட்காத மரம்? மோரும் வேண்டாம், லைற்றும் வேண்டாம். அதைப் பார்த்து 'உது என்ன காட்டு மரம்' என்றீர்கள். அதன் சொந்தக்காரர் யாரென்று நினைக்கிறீர்கள்? மாலஸ் கொறொனாரியா என்ற சாதி தெற்கு ஒன்ராறியோக் காடுகளின் சொந்தப் பிள்ளை. இளஞ்சிவப்பில் பூக்கும், பூவில் நல்ல மணம் இருக்கும், பச்சையாகவே பழுக்கும். இந்த நிலம் எங்களையும் ஏற்றுக்கொண்டது, அதையும் பெற்று வளர்த்தது. ஒரே வாசலில் இரண்டு பேரும் நிற்கலாம்.

மற்றச் சாதிகள் பல எங்களைப் போல வந்தேறிகள்தான். சைபீரியாவிலிருந்து வந்தது, ஜப்பானிலிருந்து வந்தது என்று உண்டு. சார்ஜன்ற் என்று சொன்னேனே, அது 1892இல் ஜப்பானில் கண்டெடுக்கப்பட்டு, கண்டெடுத்தவரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. இஸபெல்லா பிறெஸ்ரன் என்ற அம்மா இங்கிலாந்திலிருந்து 1912இல் கனடா வந்தவர். ஒட்டாவா மத்தியப் பரிசோதனைப் பண்ணையில் 1920இல் சேர்ந்து, இந்தக் குளிருக்குத் தாங்குகிற பூமரங்களை உருவாக்குவதற்கே தன் உழைப்பைக் கொடுத்தார். மத்திய ஆசியாவின் ஒரு சிவந்த சதை அப்பிளின் வழிவந்த இரத்தத்தைச் சைபீரியக் கிறாப் அப்பிளோடு கலந்து, றோசிபுளூம் என்ற கருஞ்சிவப்புப் பூ வரிசையை எடுத்தார். அந்த மரங்களுக்குக் கனடாவின் ஏரிகளின் பெயர்களை வைத்தார்: மக்கமிக், சிம்கோ, அத்தபாஸ்கா. வந்தவர் ஒருவர், வந்த இடத்தில் கலந்து பிறந்த மரங்களுக்கு வந்த இடத்துப் பெயரையே வைத்தார். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

ஒரு சின்ன எரிச்சலையும் இடையில் கொட்டிவிடுகிறேன். மே தொடங்கியதும் பிள்ளைகுட்டிகளோடு ஹை பார்க்குக்குப் போய், கார் விட இடம் தேடி ஒரு மணித்தியாலம் சுற்றி, செறிப் பூவுக்குக் கீழே நின்று சேலையோடு படம் எடுக்கிறீர்கள். நல்லது, எடுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இடம்பெயர்ந்த ஜப்பானியக் கனேடியர்களை ஏற்றுக்கொண்டதற்கு நன்றியாக 1959இல் ரோக்கியோ மக்களின் பெயரால் கொடுக்கப்பட்ட 2,000 மரங்களில் தொடங்கியது அந்தத் தோப்பு. இடம்பெயர்ந்த சனத்தை ஏற்றுக்கொண்டதற்கு மரத்தால் நன்றி சொல்லியிருக்கிறார்கள், கவனியுங்கள். அங்கே படம் எடுத்துவிட்டு வந்து, பத்து நாள் கழித்து அதற்குக் குறையாமல் பூக்கப்போகிற வாசல் மரத்தை வெட்டுவிக்கிறீர்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

இனி நடுவதைப் பற்றி. இதை ஒரு அறிவாளியாகச் சொல்லவில்லை, இரண்டு கன்றைக் கொன்றவளாகச் சொல்கிறேன்.

முதற்கன்றை அப்பா தென்னம்பிள்ளை வைத்த மாதிரி வைத்தேன். அரை ஆள் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, அடியில் பசளை கொட்டி, கன்றைக் கீழே இறக்கி, கழுத்து வரைக்கும் மண்ணை மூடினேன். யாழ்ப்பாணத்து வெயிலில் தென்னைக்கு அது சரி. இங்கே கிறாப் அப்பிளுக்கு அது சவக்குழி. மரத்தின் அடி விரிந்து வேராகிற இடம் நிலத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். கிடங்கு அகலமாக, வேர்க்கட்டியின் இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கட்டும். ஆழம் வேர்க்கட்டியின் உயரம் மட்டும், ஒரு விரற்கடைகூடக் கூடாது. எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள். மேலே மரச்சீவலைப் பரப்பும்போது அடிமரத்தில் முட்டவிடாதீர்கள். உழுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டை விட்டுப் பரப்ப வேண்டும். ஊரெல்லாம் மரத்தடியில் மலை மாதிரிக் குவித்து வைத்திருக்கிறார்களே, அது பட்டையை அழுகப்பண்ணும்.

இரண்டாவது கன்று நன்றாகத்தான் எழும்பியது. முதல் வின்ரரில் முயல் வந்து பட்டையைச் சுற்றிவரக் கறம்பிவிட்டது. ஊரில் ஆட்டுக்கு முள்வேலி கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கனடாவில் ஆடு இல்லைத்தானே என்று இருந்துவிட்டேன். நவம்பரில் அடிமரத்தைச் சுற்றிக் கம்பி வலை போடுங்கள். ஸ்னோ குவிந்தால் முயல் அதன் மேல் ஏறி நின்று கடிக்கும், ஆகவே வலை ஸ்னோவுக்கும் மேலே நிற்க வேண்டும். கீழ் விளிம்பை மண்ணுக்குள் கொஞ்சம் தாழ்த்தினால் எலியும் வராது.

மூன்றாவது கன்றுதான் இப்போது வாசலில் நிற்கிறது. முதல் இரண்டு மூன்று வருடம் சமரில் வாரம் ஒருமுறை இரண்டு பெரிய வாளித் தண்ணீர் ஆறுதலாக ஊற்றினேன். ஒரு நாளைக்கு ஆறு மணித்தியால வெயில் விழுகிற இடம் பார்த்து நடுங்கள், நிழலில் வைத்தால் இலை மட்டும்தான் மிஞ்சும். உப்புப் போட்ட ஸ்னோவை அள்ளி அதன் அடியில் குவிக்காதீர்கள். கடையில் வாங்குகிறது ஒட்டுக்கன்று. ஒட்டு மாங்கன்று வைத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஒட்டுக்குக் கீழே வெடிக்கிற முளையைக் கண்ட உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டால் சில வருடத்தில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மரம் ஒரு பக்கம் நிற்க, வேர்க்கன்று வீட்டுக்காரர் ஆகிவிடும்.

கொப்பு வெட்டுகிறதில் என் கணவருக்கும் எனக்கும் ஒரு வருடம் பெரிய சண்டை. ஒக்ரோபரில் அழகுபடுத்துகிறேன் என்று சொல்லி வெளிக்கொப்புகளை எல்லாம் தலைமயிர் வெட்டுகிற மாதிரி ஒப்பமாக வெட்டிவிட்டார். அடுத்த மே மாதம் ஐந்தாறு கொத்துப் பூதான். அடுத்த வருடப் பூவுக்கு மொட்டு முந்திய சமரிலேயே கட்டிவிடும், அவர் அதைத்தான் வெட்டிக் கொட்டினார். மாசி கடைசி, பங்குனி தொடக்கத்தில், இலை வருமுன், நேர்க்குத்தாக ஈட்டி மாதிரி எழும்புகிற கொப்பையும் ஒன்றோடொன்று உரசுகிற கொப்பையும் மட்டும் எடுத்தால் போதும்.

ஒரு கொப்பு நுனி திடீரென்று நெருப்பில் கருகினது போலக் கறுத்து, கைத்தடிப் பிடி மாதிரி வளைந்து தொங்கினால் அது ஃபயர் பிளைற் என்ற பற்றீரியா நோய். எங்கள் ஆட்களில் ஒருவர் அதைக் கண்ணூறு என்று முடிவுகட்டி மரத்தில் செருப்புக் கட்டியிருந்தார். செருப்பு இருக்கட்டும், கருகிய இடத்துக்கு ஓர் அடி கீழே, நல்ல கொப்பில், காய்ந்த நாளாகப் பார்த்து வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரிக்கோலை அற்ககோலில் துடையுங்கள். இல்லாவிட்டால் நீங்களே நோயைக் கொப்புக் கொப்பாகக் காவிக்கொண்டு போவீர்கள். பக்கத்தில் ஜூனிப்பர் பற்றை இருந்தால் இலையில் செம்மஞ்சள் புள்ளி விழலாம். அது வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

பின்வளவில் அப்பிள் மரம் வைத்துவிட்டு 'பூக்குது, காய்க்குதில்லை' என்று என்னிடம் முறையிடுகிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள். அப்பிள் தன் மகரந்தத்தால் தான் காய்க்காது, வேறு சாதி மரம் வேண்டும். ஒரு முப்பது மீற்றருக்குள் அதே காலத்தில் பூக்கிற கிறாப் அப்பிள் ஒன்று நின்றால் தேனீ மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வியாபாரத் தோட்டக்காரர்களே வரிசைக்கு நடுவில் இதற்காகக் கிறாப் அப்பிள் நடுகிறார்கள். தேனீ வருது என்று வெட்டியவர்களுக்கும் இதுதான் பதில்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன்.

இந்த மரம் இங்கே பூக்கிறது மே நடுவில். மொட்டு கருஞ்சிவப்பாக, குன்றிமணியை விடக் கொஞ்சம் பெரிதாக, ஐந்தாறு சேர்ந்து செறிப்பழம் மாதிரி நீண்ட காம்பில் தொங்கும். விரிய விரிய நிறம் இறங்கும். ஒரு கொத்திலேயே ஒன்று சிவப்பாகவும் பக்கத்தில் இருக்கிறது றோசாவாகவும் நிற்கும். ஒரு கிழமை, குளிராக இருந்தால் பத்து நாள். போரில் இழந்தவர்களை எங்கடை சனம் நினைவுகூருகிற மே 18 அந்த நாட்களுக்குள் விழுகிறது. அன்று உங்கள் வீடுகளில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டில் நடப்பது உங்களுக்கும் தெரியும். தம்பியின் படத்துக்கு வைக்க ஒவ்வொரு வருடமும் கடையில் பூ வாங்குவேன். பிளாஸ்ரிக்கில் சுற்றி, எங்கேயோ விளைந்து, ஐஸில் வந்த பூ. மூன்றாவது கன்று முதன்முதலில் நிறையப் பூத்த வருடம் கடைக்குப் போகவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து ஒரு சின்னக் கொப்பை முறித்தேன். பனி ஈரம் கையில் ஒட்டியது. படத்துக்கு முன்னால் கிண்ணத்தில் வைத்தேன். பின்னேரம் இதழ் கொட்டத் தொடங்கிவிட்டது, படத்தின் கண்ணாடியில் இரண்டு ஒட்டியிருந்தன. அவர் துடைக்கப் போனார், விடுங்கோ என்றேன்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

புதிதாக வீடு வாங்கியவர்கள், வாசலில் நிற்கிற மரத்தின் பெயர் தெரியாவிட்டால், ஒரு மே மாதம் கழியும் வரைக்கும் அதில் கத்தி வைக்காதீர்கள். வெட்டவே வேண்டிவந்தால், லொறியோடு வருகிறவன் சொல்லை மட்டும் நம்பாமல், மரம் பார்க்கப் படித்த ஒருவரைக் கூட்டி வந்து காட்டுங்கள். ரொறொன்ரோ எல்லைக்குள் இருக்கிறவர்களுக்குச் சட்டமும் உண்டு. நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் குறுக்களவோ அதற்கு மேலோ இருந்தால், உங்கள் காணிக்குள் நிற்கிற மரமாக இருந்தாலும் நகரசபையின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. தையல் நாடாவால் சுற்றி அளந்து பாருங்கள், 94 சென்ரிமீற்றர் வந்தால் அந்தக் கணக்குக்குள் வந்துவிட்டது. மற்ற நகரங்களில் கணக்கு வேறு, கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மரமில்லாத வாசல்காரர்கள் ஒரு கன்று வையுங்கள். சித்திரை கடைசியில் நிலம் இளகியதும் வைக்கலாம், அல்லது செப்ரெம்பர் முதல் ஒக்ரோபர் நடு வரைக்கும் வைக்கலாம். மண்வெட்டி எடுக்கும் முன் ஒன்ராறியோ வன் கோலுக்கு அடித்துக் காஸ், கரண்ற் வயர்கள் எங்கே போகிறதென்று குறிப்பியுங்கள். அது இலவசம், கட்டாயமும்கூட. காசுதான் பிரச்சினை என்றால், வாசலில் றோட்டோரமாக நகரசபைக்குச் சொந்தமான துண்டில் ரொறொன்ரோ நகரசபையே கேட்டால் இலவசமாக மரம் நட்டுத்தரும். அது கிறாப் அப்பிளாக இல்லாவிட்டாலும் எனக்குச் சம்மதம்.

கோயில், ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம் நடத்துகிறவர்கள் இரவு விருந்துக்கு ஒதுக்குகிற காசில் ஒரு பங்கை எடுத்து, வருகிற வசந்தத்தில் இருபது கன்று வாங்கி அங்கத்தவர்களுக்குக் கொடுங்கள். பிறெய்றிஃபயரோ சார்ஜன்றோ, ஸ்கப்பைத் தாங்குகிறதாகப் பார்த்து வாங்குங்கள். கிடங்கின் ஆழத்தையும் முயல் வலையையும் காட்டித்தர நான் வருகிறேன். முழங்கால் மடிக்க ஏலாது, கதிரை ஒன்று போட்டால் போதும்.

எதிர்வீட்டுக் கிழவி இப்போது இல்லை. அவருடைய பானை என்னிடம் இருக்கிறது, மகள்தான் கொண்டுவந்து தந்தாள். செப்ரெம்பரில் பழம் பொறுக்க வருகிறவர்கள் பை கொண்டு வாருங்கள், பானையைக் கொடுக்கமாட்டேன்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் அயலவள் ஒருத்தி